பழைய பேட்டரியைக் கொடுத்து ஏழரை யூரோ வாங்கிய அனுபவம்

ஜெர்மனியில் கார் பேட்டரி வாங்கினால் ரசீதில் 7.50 யூரோ தனியாகப் போட்டிருக்கும். அது வைப்புத்தொகை, பழைய பேட்டரியைத் திருப்பினால் திரும்பக் கிடைக்கும். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்தால் அதைக் கட்ட வேண்டியதில்லை. விலை குறைவு என்று நான் இணையத்தில் வாங்கினேன். அதனால் தொகையும் கட்டினேன், பழைய பேட்டரியும் என்னிடமே தங்கியது. ஜெர்மனியின் பழைய நாணயமான மார்க்கில், 1998இல் 15 மார்க்காகத் தொடங்கிய ஏற்பாடு இது. யூரோ வந்தபோது ஏழரையானது, அதன்பின் ஏறவேயில்லை.

பழையதைப் பார்சலில் அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. அபாயப் பொருள் விதிகள் குறுக்கே நிற்கும். நகராட்சியின் மறுசுழற்சி நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே இலவசமாக வாங்கிக்கொள்வார்கள். பணம் தரமாட்டார்கள், வைப்புத்தொகையை வசூலித்தவர்கள் அவர்களல்லவே. ஆனால், தொகை எதுவும் கொடுக்காமல் பேட்டரியைப் பெற்றுக்கொண்டோம் என்று நாம் கேட்டால் எழுதித் தர வேண்டும். கேட்டால்தான். விற்பனையாளரின் தளத்திலிருந்து படிவத்தை அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன். ஊழியர் முத்திரை குத்தித் தேதி போட்டுக் கொடுத்தார். பேட்டரியைக் காரிலிருந்து இறக்கும்போதே படிவத்தையும் நீட்டிவிடுங்கள். தொட்டிக்குள் போய்விட்டால் எது யாருடையது என்று எவர் சொல்வது?

அந்தத் தேதி முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் பழைய சான்று என்றால் விற்பனையாளர் மறுக்கலாம். அன்றே படமெடுத்து அனுப்பினேன். பேட்டரியைத் தங்கள் கடைக்கே கொண்டுவரும்படி பதில் வந்தது. கடை இருப்பதோ நாட்டின் மறுகோடியில்! இணையத்தில் விற்பவர் இந்தச் சான்றை ஏற்றே ஆக வேண்டும் என்ற சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். அதன்பின் பேச்சுமூச்சில்லாமல் பணம் கணக்குக்கு வந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு. பழைய உலோகம் வாங்குபவர் காசு கொடுத்தே இந்தப் பேட்டரியை எடுத்துக்கொள்வார். வைப்புத்தொகை இல்லாவிட்டாலும் பெரும்பாலானவை திரும்பிவிடும். திரும்பாதவை மேசை இழுப்பறையில் கிடக்கும் கைப்பேசிகளும் சிறிய லித்தியம் பேட்டரிகளும்தான். குப்பை லாரியிலும் தரம்பிரிக்கும் கூடத்திலும் தீப்பிடிப்பதற்கு லித்தியம்தான் பெரிய காரணம். அவற்றைப் போடப் பெரிய கடைகளில் பெட்டி இருக்கிறது, காசு இல்லை. காலி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கோ 25 செண்ட்! தெருவில் விட்டாலும் யாராவது பொறுக்கிப் போய்விடுகிறார்கள்.

இந்தியா காகிதத்தில் இன்னும் முன்னே போயிருந்தது. 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில், வாங்கும்போது கட்டிய வைப்புத்தொகையைச் சாதனம் திரும்பும்போது வட்டியோடு கொடுக்கும் திட்டம் இருந்தது. ஆனால் அதை உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ஊருக்குப் போனபோது அங்கே கைப்பேசி வாங்கியிருக்கிறேன். வைப்புத்தொகை என்ற பேச்சையே எந்தக் கடையிலும் கேட்டதில்லை.

இங்கே கழிவு மேலாண்மை நிறுவனங்களின் சங்கங்கள் லித்தியம் பேட்டரிகளுக்கும் வைப்புத்தொகை கேட்டுக்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால் கைப்பேசிக்கு ஐம்பது யூரோ வைக்கலாம். ஏழரைக்கே சட்டப்பிரிவைத் தேடியவன், ஐம்பதை விட்டுவிடுவேனா?