ஒரு முடிச்சில் தொடங்கிய நிறுவனம்

அறுவடை இயந்திரங்கள் செய்யும் கிளாஸ் நிறுவனம் என்றாலே எனக்கு அதன் முடிச்சுக் கருவிதான் நினைவுக்கு வரும். ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாவில் 1913-இல் ஆகஸ்ட் கிளாஸ் தொடங்கிய பட்டறை; பிறகு சகோதரர்களும் சேர்ந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் நல்ல கயிறு கிடைப்பதே அரிது. இருந்த நைந்த கயிற்றாலும் வைக்கோலைக் கட்டக்கூடிய முடிச்சுக் கருவிக்கு 1921-இல் காப்புரிமை பெற்றார்கள். பறவை அலகு போன்ற சிறு கொக்கி சுழன்று கயிற்றை வளையமாக்கும், நுனிகளைக் கவ்வும். வளையம் கொக்கியிலிருந்து நழுவி, அந்த நுனிகளின்மேல் இறுகும். எத்தனை அழகான சிந்தனை! ஐரோப்பிய வயல்களுக்கென்றே உருவாக்கிய, அறுப்பையும் கதிரடிப்பையும் ஒருங்கே செய்யும் கூட்டு அறுவடை இயந்திரம் 1936-இல் வந்தது. ஆனாலும் என் மனம் அந்தக் கொக்கியிடம்தான். நூறாண்டு கடந்தும் நிறுவனம் கிளாஸ் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. ஆகஸ்டின் மகன் ஹெல்முட் கிளாஸுக்குப் பின் அவர் மகள் கத்ரீனாவும் பொறுப்பேற்றார்.