நைனாவின் ரெட்டிக் கவுண்ட்

நைனாவுக்கு ஹீமோகுளோபின் வெறும் 5.4. காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து வந்தால் வீட்டு மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். எதுவும் எடுபடவில்லை. பக்கத்து க்ளினிக்கில் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், வேறு டெஸ்ட் எழுதவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தவியல் டாக்டர்தான் ரெட்டிகுலோசைட் கவுண்ட், சுருக்கமாக ரெட்டிக், எழுதினார். எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளியே வரும், இன்னும் முதிராத சிவப்பணுக்கள் அவை. ரத்தத்தில் நீலச் சாயம் கலந்து, ஸ்லைடில் தேய்த்துப் பார்த்தால் உள்ளே நீல வலை மாதிரி தெரியுமாம். வலை என்றதும் நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 0.5 முதல் 2.5 சதவீதம் இருக்கும். ரத்தம் இவ்வளவு குறைந்தால் எகிறியிருக்க வேண்டும். இவருக்கு 0.1தான். வெள்ளையணு, தட்டணு இரண்டும் நார்மல். "கசியவும் இல்ல, உடையவும் இல்ல. உற்பத்தியே நின்னுபோச்சு" என்றார் டாக்டர்.

அடுத்தது மஜ்ஜை டெஸ்ட். ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டார்கள். குத்தும்போது பேசாமல் இருந்த மனுஷன், மஜ்ஜையை உறிஞ்சும்போது என் கையை நசுக்கிவிட்டார். சிவப்பணுவாக வளர வேண்டிய செல்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பியூர் ரெட் செல் அப்ளேசியா என்று எழுதினார்கள்.

அப்புறம் காரணத்தைத் தேடினார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று மார்பு சி.டி., பார்வோவைரஸ் பி19 டெஸ்ட். இரண்டிலும் ஒன்றும் இல்லை. நடுவில் ரத்தம் ஏற்றினார்கள். ஒரு யூனிட்டுக்கு ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏறும், கொஞ்ச நாளில் மறுபடி இறங்கிவிடும்.

ஒருநாள் டாக்டர் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். வலிப்புக்காகச் சில மாதங்களாகச் சாப்பிட்டுவந்த ஃபெனிட்டாயினைத் தனியே எடுத்துவைத்தார். அபூர்வமாக அதுவே இந்தச் செல்களை அடக்கிவிடுமாம். நரம்பியல் டாக்டரிடம் பேசி, லெவெடிராசெட்டம் என்ற வேறு வலிப்பு மாத்திரையை ஆரம்பித்த பிறகே ஃபெனிட்டாயினை நிறுத்தினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

முதலில் ஏறியது ஹீமோகுளோபின் இல்லை, ரெட்டிக்தான். அது 4 சதவீதம் வந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஏற்றவிருந்த ரத்தம் வேண்டாம் என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். ஸ்டீராய்டும் தேவைப்படவில்லை. இப்போது மாதம் ஒருமுறை தண்டையார்பேட்டை லேபில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்.