எழுதியது ஒன்று, அச்சுக்குக் கொடுத்தது ஒன்று

அப்பா இறந்த இரண்டாம் மாதத்தில் அவரைப் பற்றி எழுதத் தொடங்கினேன். அது ஒரு கட்டுரையாக அச்சில் வருவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. இடையில் ஒன்பது முறை அதைத் திருத்தி எழுதினேன். ஒன்பது முறை என்று சொல்லும்போது மொழியின் மீது கொண்ட அக்கறையால் அப்படிச் செய்தேன் என்று கேட்பவர்கள் நினைக்கிறார்கள். முதல் ஆறு வரைவுகளும் ஒரே ஒரு மாலைப்பொழுதைச் சொல்லாமல் தவிர்ப்பதற்காகவே எழுதப்பட்டவை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அப்பாவுக்கு மறதி நோய் ஏழு ஆண்டுகள் இருந்தது. கடைசி மூன்று ஆண்டுகள் நான்தான் உடனிருந்து பார்த்துக்கொண்டேன். முதல் வரைவு நாற்பது பக்கங்களுக்கு மேல் நீண்டது. எட்டிப் பார்க்காத உறவினர்கள், இரண்டு நிமிடங்களில் பேச்சை முடித்துக்கொண்ட மருத்துவர், வாரத்தில் நான்கு இரவுகள் உறங்காமல் விடிந்தது, என் வேலை கைவிட்டுப் போனது என எல்லாம் அதில் இருந்தன. எதுவும் பொய்யில்லை. ஆனால் ஓராண்டு கழித்து எடுத்துப் படித்தபோது ஐந்தாம் பக்கத்தைத் தாண்ட என்னாலேயே முடியவில்லை. அதில் வரும் அத்தனை பேரும் ஏதோ ஒரு விதத்தில் குற்றவாளிகளாக இருந்தார்கள். நான் ஒருவர் மட்டும் பாதிக்கப்பட்டவராக இருந்தேன். அப்பாவோ அதில் இல்லவே இல்லை. அவருடைய நோய் இருந்தது, அதை நான் சுமந்த கதை இருந்தது, எழுபது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதர் மட்டும் இல்லை. என் வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல வரும்படி வாசகரை அழைத்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த நாற்பது பக்கங்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றை எழுதாமல் இருந்திருந்தால் அந்த ஆண்டை எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் அடிக்கடி பேசப்படுகிறது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடங்கள் எழுதச் சொன்னார்கள். சிலர் அற்பமான பொருள்களைப் பற்றி எழுதினார்கள். சிலர் தம் வாழ்வின் ஆறாத நிகழ்வுகளைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் நடந்தபோது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனம் கனத்தது; ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவ உதவி நாடிச் சென்றது குறைந்திருந்தது. பின்னாளில் பலர் செய்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பலன் உண்டு, ஆனால் சராசரியாகப் பார்த்தால் சிறியது என்று தெரிந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. எழுதப்பட்ட பக்கங்களின் சொற்களை எண்ணிப் பார்த்ததில், நலம் பெற்றவர்களின் எழுத்தில் 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்போது புரிகிறது' என்பது போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின என்று பென்னிபேக்கர் கண்டார். முதல் நாளில் கொட்டியதையே கடைசி நாளிலும் கொட்டியவர்களுக்கு அந்த அளவு பயன் கிட்டவில்லை.

அந்தப் பக்கங்கள் எவையும் வெளியிடுவதற்காக எழுதப்பட்டவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எழுதியதால் பாரம் இறங்கியது என்பதிலிருந்து, வெளியிட்டால் இன்னும் இறங்கும் என்று முடிவு செய்வது தவறு. அந்தத் தவறை நானே செய்யவிருந்தேன். இரண்டாம் வரைவை ஓர் இதழுக்கு அனுப்ப உறையில் இட்டு முகவரியும் எழுதிவிட்டேன். அனுப்பாததற்குக் காரணம் விவேகம் அன்று. அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்து நடமாடியபோது உறையைப் பிரித்துப் பார்த்தேன், மீண்டும் ஒட்டவில்லை.

துயரத்தை எழுதுவது எப்படி என்று தேடியபோது, பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துவிட்ட புறநானூற்றின் 112ஆம் பாட்டுக்கே திரும்பி வந்தேன். பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடிகள். போன திங்களின் நிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்தத் திங்களின் நிலவில் குன்றை வேந்தர் கொண்டுவிட்டார்கள், தந்தையும் இல்லை. அவ்வளவுதான் செய்தி. அழுதோம் என்று ஒரு சொல் இல்லை. தந்தை எப்படிப்பட்டவர் என்ற புகழ்ச்சியும் இல்லை. ஒரே நிலவு இரண்டு முறை வருகிறது, நடுவில் எல்லாம் போய்விடுகிறது. என் நாற்பது பக்கங்களில் 'வலி' என்ற சொல்லை எத்தனை இடங்களில் எழுதியிருக்கிறேன் என்று அன்றிரவு எண்ணினேன். முப்பத்தொரு இடங்கள். அடுத்த வரைவில் அந்தச் சொல்லை ஓரிடத்திலும் எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அந்தச் சொல் கைவசம் இல்லாதபோது, ஒவ்வோர் இடத்திலும் என்ன நடந்தது என்பதையே சொல்ல வேண்டியிருந்தது. என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கியதும் அந்த மாலை வந்து முன்னே நின்றது.

சொல்லிவிடுகிறேன். அப்பா தம் வீட்டிலேயே இருந்துகொண்டு, வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பார். மறதி நோய் கண்டவர்கள் பலர் இப்படிக் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பது ஒரு கட்டடத்தையல்ல, பாதுகாப்பாக இருந்த ஒரு காலத்தை என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். அன்று காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார். மாலையில், நான் அவருடைய தோள்களைப் பிடித்து அறைக்குள் தள்ளி, கதவை வெளியிலிருந்து தாழிட்டேன். மாடிக்குப் போய் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வெளியே கிளம்புவதற்காகச் சட்டை மாட்டிப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நீங்கள் வந்து திறந்தீர்கள், ரொம்ப நன்றி" என்றார். வாழ்நாள் முழுவதும் என்னை 'நீ' என்றே அழைத்தவர்.

ஆறு வரைவுகளிலும் இது இல்லை. ஏழாவதில் எழுதினேன். எழுதியதும் கட்டுரையின் மற்ற பக்கங்கள் தாமாகவே சுருங்கின. வராத உறவினர்களைப் பற்றிய ஒன்பது பக்கங்கள் இரண்டு வரிகளாயின. கதவைத் தாழிட்ட ஒருவர், பார்க்க வராதவர்களைப் பற்றி அவ்வளவு நேரம் பேச முடியாது. மருத்துவர் முழுவதுமாக வெளியேறினார். அப்பா உள்ளே வந்தார், அந்தச் சட்டையோடு.

இதை வைத்து, தன் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் துயர எழுத்து உயிர்பெறும் என்று விதி செய்ய நான் விரும்பவில்லை. வன்முறைக்கு ஆளானவர், குழந்தையாக இருந்தபோது சிதைக்கப்பட்டவர் போன்றோரிடம் போய் உன் பங்கு என்ன என்று கேட்பது கொடுமை. நான் சொல்வது என் கட்டுரையைப் பற்றித்தான். அதில் எதைத் தவிர்த்தேனோ அதைச் சுற்றியே மற்ற எல்லாம் எழுதப்பட்டிருந்தன. ஆகவே மற்றவை எதுவும் நிற்கவில்லை.

எட்டாம் வரைவை அக்காவிடம் கொடுத்தேன். அவள் படித்துக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரமும் அடுத்த அறையில் இருந்தேன். கதவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேறொரு வாக்கியத்தில் விரலை வைத்தாள். கடைசி ஆண்டில் அப்பா குளிப்பதற்கு அஞ்சியதைப் பற்றி, அந்த நேரங்களில் அவர் எப்படி இருந்தார் என்பதைப் பற்றி நான் எழுதியிருந்தது. நன்றாக எழுதப்பட்ட வாக்கியம். கட்டுரையிலேயே சிறந்தது என்றுகூட நினைத்திருந்தேன். இதைப் படித்தால் அவரைத் தெரிந்தவர்கள் இனிமேல் அவரை இப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள், அவர் எவ்வளவு கூச்சம் உள்ளவர் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். இரண்டு நாட்கள் அவளோடு வாதாடினேன். உண்மையை மறைக்கக் கூடாது என்றேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்றேன். அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்: கதவு நீ செய்தது, அதைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, இது அவருக்கு நேர்ந்தது.

அந்த வாக்கியத்தை நீக்கினேன். இன்றுவரை நான் கைக்கொள்ளும் அளவுகோல் அக்காவிடமிருந்து வந்ததுதான். என் வெட்கத்தை நான் வெளியிடலாம். இன்னொருவருடைய வெட்கத்தை வெளியிட, அவர் பெற்ற பிள்ளை என்பது போதுமான உரிமை ஆகாது. அதிலும் இறந்தவரிடமும் நினைவிழந்தவரிடமும் அனுமதி கேட்க இயலாது என்பதால், உயிரோடு இருப்பவர்களைவிட அவர்களிடம் கூடுதலாகத் தயங்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பெயரை மறைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். சி. எஸ். லூயிஸ் தம் மனைவியை இழந்தபின் எழுதிய குறிப்புகளை 1961இல் என். டபிள்யூ. கிளர்க் என்ற புனைபெயரில்தான் வெளியிட்டார். 1963இல் அவர் மறைந்த பிறகே அவை அவருடைய பெயரில் வந்தன. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே அந்தத் திரை வேண்டியிருந்தது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் என் கட்டுரையில் கதவைத் தாழிட்டது நான். புனைபெயரில் வந்தால் தாழிட்டது வேறு யாரோ என்று ஆகிவிடும். என் பெயரிலேயே கொடுத்தேன்.

எப்போது வெளியிடலாம் என்று கேட்பவர்களுக்கு ஆண்டுக் கணக்கு சொல்ல என்னால் இயலாது. எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று உண்டு. இதழாசிரியர் ஒரு பத்தியை வெட்டச் சொல்லும்போது, அது இறந்தவரை அவமதிப்பதாகத் தோன்றினால் இன்னும் காலம் ஆகவில்லை. என் கட்டுரையின் கடைசிப் பத்தியை இதழாசிரியர் அடித்துவிட்டார். அதில் நான் என்னையே மன்னித்திருந்தேன். மன்னிப்பு வேண்டுமானால் படிப்பவரிடமிருந்து வரட்டும், வராவிட்டாலும் சரி, நீங்களே எழுதி வைக்காதீர்கள் என்று ஓரத்தில் குறித்திருந்தார். படித்தபோது வருத்தம் இருந்தது, அவமதிப்பாகத் தோன்றவில்லை. ஒரு பத்தி தேவையா இல்லையா என்று மட்டும் யோசித்தேன். தேவையில்லை.

அச்சான பிறகு வந்த கடிதங்களைப் பற்றி விரிவாக எழுதுவது அவற்றை எழுதியவர்களுக்குச் செய்யும் துரோகம். பலர் தங்கள் கதவுகளைப் பற்றி எழுதினார்கள் என்று மட்டும் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் பதில் எழுத எட்டு மாதங்கள் ஆயின. ஓர் உறவினர் பேசுவதை நிறுத்திக்கொண்டார், இன்னும் பேசவில்லை.

கட்டுரை ஒரு தொகுப்பு நூலில் சேர்க்கப்பட்டபோது மெய்ப்புத் திருத்த எனக்கு அனுப்பினார்கள். அதே மாதத்தில் பழைய தாள்களை ஒழுங்குபடுத்தியபோது, அந்த ஆண்டின் தொலைபேசிக் கட்டண விவரம் கிடைத்தது. ஒவ்வோர் அழைப்பும் நேரத்தோடு அதில் பதிவாகியிருந்தது. அன்று மாலை மாடியிலிருந்து அக்காவுக்குப் பேசிய அழைப்பும் இருந்தது. அக்காவிடம் காட்டினேன். ஆமாம், அன்று ரொம்ப நேரம் பேசினோம், மகளின் தேர்வைப் பற்றிக்கூடப் பேசினோமே என்றாள். கதவு மூடியிருந்தது 10 நிமிடங்கள் என்று நான் எழுதியிருந்தேன். நான்கு ஆண்டுகளும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இதழில் அப்படியே அச்சாகியிருக்கிறது. நூலில் 41 நிமிடங்கள் என்று இருக்கும்.