பித்தப்பைக்குப் பார்த்த ஸ்கேனில் கிட்னிக் கட்டி

சி.டி. ஸ்கேன் அறையில் படம் எடுப்பது என் வேலை. ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர். ஆனாலும் கையில் ஊசி ஏற்றும்போது எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள்: "ஒரு வலியும் இல்லையே, எனக்கு எப்படிங்க கிட்னியில் கட்டி?"

நியாயமான கேள்விதான். சிறுநீரகம் முதுகுப் பக்கமாகக் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கிறது. கட்டி வளர அங்கே இடம் தாராளம். ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்வதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். புராஸ்டேட்டுக்குப் பி.எஸ்.ஏ. இருப்பதுபோலச் சிறுநீரகப் புற்றுநோய்க்கென்று ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. சிறுநீரில் ரத்தம், விலாவில் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று மூன்றும் சேர்ந்து வருபவர்கள் பத்தில் ஒருவர்தான் இருப்பார்கள். அப்படி வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

அதனால் இன்றைக்குக் கண்டுபிடிக்கும் சிறுநீரகக் கட்டிகளில் பாதிக்கு மேல் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். போன மாதம் வந்த ஓர் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் சந்தேகம். அல்ட்ராசவுண்டில் கல்லே இல்லை, வலது சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டரில் ஓர் உருண்டை. நீர்க்கட்டியா, சதைக்கட்டியா என்று பார்க்க எங்களிடம் அனுப்பினார்கள்.

சிறுநீரில் ரத்தம் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வலியில்லாமல் ஒருமுறை போய், தானாகவே நின்றிருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நின்றுவிட்டதே என்று விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, சி.டி.க்கு வருவோம். முதலில் மருந்து இல்லாமல் ஒரு சுற்று. பிறகு, ரத்தம் ஓடும் இடங்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் அயோடின் மருந்தை இயந்திரம் வேகமாக நரம்பில் ஏற்றும். உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். போயிருக்காது, பயப்பட வேண்டாம். மருந்து ஓடும்போதே இரண்டு மூன்று முறை படம் எடுப்போம். கட்டியின் மேல் திரையில் ஒரு சிறு வட்டம் போட்டால் அந்த இடத்தின் அடர்த்தி எண்ணாக வரும். தண்ணீர் என்றால் பூஜ்யம், கொழுப்பு என்றால் மைனஸ். சாதாரண நீர்க்கட்டியில் மருந்துக்கு முன்னும் பின்னும் எண் அநேகமாக மாறாது. அந்த அம்மாவுக்கு 34 இருந்தது 110-க்கு ஏறியது. இருபதுக்கு மேல் ஏறினாலே அங்கே ரத்த ஓட்டம் இருக்கிறது, அது சதைக்கட்டி என்று அர்த்தம். உள்ளே கொழுப்பு தெரிந்தால் மட்டும் கொஞ்சம் நிம்மதி. பெரும்பாலும் ஆஞ்சியோமையோலிப்போமா என்ற, புற்றுநோய் அல்லாத கட்டியாக இருக்கும். உள்ளே தடுப்புச் சுவர்களோடு சிக்கலாக இருக்கும் நீர்க்கட்டிகளைத் தரம் பிரிக்க 1986-இல் வந்த போஸ்னியாக் முறை, திருத்தங்களோடு இன்னமும் ரிப்போர்ட்டுகளில் இருக்கிறது.

"பயாப்சி எடுக்காமலா ஆபரேஷன்?" என்று அந்த அம்மாவின் மகன் கோபப்பட்டார். மார்பகம் போன்ற இடங்களில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் சிகிச்சை என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது வினோதமாகத்தான் தெரியும். இங்கே படம் தெளிவாக இருந்தால் பல நேரம் நேராக அறுவை சிகிச்சைதான். எடுத்த கட்டியை நோயியல் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே உறுதியான பெயர் கிடைக்கும். நாலு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே இல்லை என்று முடிவு வரும். எனவே சிறிய கட்டி, வயதானவர், ஆபரேஷன் வேண்டாமென்று யோசிப்பவர், வேறு உறுப்பிலிருந்து பரவியதோ என்ற சந்தேகம் போன்ற நேரங்களில் முன்கூட்டியே பயாப்சி எடுப்பதும் உண்டு. ஊசியால் நோய் பரவிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி நடப்பது மிக மிக அரிது.

அப்புறம் நெஞ்சுக்கும் ஒரு சி.டி. கேட்பார்கள், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க. மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்.

வரும்போது பழைய ஸ்கேன் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் பதிந்து கொடுத்த வட்டும் (டிஸ்க்) வேண்டும். முன்பு எடுத்த படத்தில் இதே உருண்டை இதே அளவில் இருந்ததா, வளர்ந்திருக்கிறதா என்பதைத்தான் டாக்டர் முதலில் தேடுவார்.