ஐந்தாம் மாதத்தில் வேர் சிகிச்சை

மாசமாக இருக்கும்போது பல் வைத்தியமே கூடாது என்று எங்கள் பாலக்கோடு பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். நான் முதலில் போன கிளினிக்கிலும் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல், "குழந்தை பிறந்தப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை, படுத்தால் வலி காதுவரை இழுக்கும். களியாவது விழுங்கிவிடலாம், வேறு எதையும் மெல்ல முடியவில்லை.

"பொறுத்துக்க கண்ணு, பல்லைத் தொட்டா புள்ளைக்கு ஆகாது" என்றார் மாமியார். மாதப் பரிசோதனையில் நர்ஸம்மாவிடம் அதைச் சொன்னேன். "நீ சாப்பிடாம, தூங்காம கிடக்கறதுதான் புள்ளைக்கு ஆகாது" என்று சொல்லி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்.

பல் பிரிவில் டாக்டரம்மா முதலில் கேட்டது எத்தனையாவது மாதம், பிரஷர், சுகர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதைத்தான். பரிசோதனை அட்டையை வாங்கிப் பார்த்தார். என் முன்பல்லில் சின்ன வயதிலிருந்தே பழுப்புக் கோடுகள் உண்டு. அதுவும் சொத்தையோ என்று பயந்திருந்தேன். போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால், பல் உருவாகும் வயதிலேயே விழுந்த கறை, இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுதான் காரணம். என் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர்தான் என்று நினைத்தபோது அத்தனை நிம்மதி.

ஈயக் கவசம் போர்த்தி அந்த ஒரு பல்லுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். மல்லாந்தே படுத்திருந்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றும் என்று, வலது இடுப்புக்கடியில் துணியைச் சுருட்டி வைத்து, இடப்பக்கம் லேசாகச் சாய்த்துப் படுக்க வைத்தார் டாக்டரம்மா. மரத்துப்போகும் ஊசியை நினைத்து மாமியார் வெளியே கலங்கிக்கொண்டிருந்தார். லிக்னோகெய்ன் கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பாகப் போடும் மருந்துதான் என்று அவரையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். இப்படிச் சொல்பவர் ஒருவர் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

வலிக்கு பாராசிட்டமால், சீழுக்கு அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள். இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை வேண்டாம், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் குழந்தையின் பல்லையே கறையாக்கும், மெடிக்கலில் தானாக எதையும் வாங்காதே என்று கண்டிப்பாகச் சொன்னார். பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை (ரூட் கேனல்) அடுத்த முறை முடிந்தது, கூடவே க்ளீனிங்கும்.

ஈறில் ரத்தம் வருவது ஹார்மோன் மாற்றத்தால். அதற்காகத் தேய்ப்பதை விட்டால் அழுக்கு சேர்ந்து இன்னும் வீங்கும். மெத்தென்ற பிரஷ் போதும். வாந்தி எடுத்த உடனே மட்டும் தேய்க்காதீர்கள், அமிலத்தால் பல் இளகியிருக்கும். ஆப்பசோடா கலந்த தண்ணீரில் கொப்பளித்து, அரைமணி கழித்துத் தேய்க்கலாம்.

நான்கிலிருந்து ஆறு மாதம்வரை நாற்காலியில் படுக்க வசதியான காலம். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ எந்த மாதமானாலும் அன்றைக்கே போய்விடுங்கள்.