நாலு மணி நேரத்துக்கு ஒரு அலாரம்

அம்மாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டதால், இனி வலியை மட்டும் பார்த்துக்கொள்வோம் என்று கோயம்புத்தூரில் சொல்லிவிட்டார்கள். கோத்தகிரி வந்த முதல் வாரமே டிரமடால் என்ற வலி மாத்திரைக்கு வலி அடங்கவில்லை. படுத்தால் வலி முதுகுக்கு ஓடும் என்று இரவெல்லாம் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பார்.

அதைவிட வலுவான வலி மருந்தான மார்பின் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் பெரியப்பா, "பெத்தவளுக்குப் போதை மாத்திரையாடா?" என்றார். எனக்கும் அதே பயம்தான். பத்து நாள் வீணாய்ப் போனது. அதை நினைத்தால் இன்னும் என்மேல் கோபம் வருகிறது.

2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி விதிகளைத் தளர்த்தியிருந்தாலும், எங்கள் ஊர் மருந்துக் கடையில் மார்பின் இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறிப் போய்த்தான் வாங்கினேன். முதலில் 5 மி.கி., அப்புறம் 10. காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு மாத்திரை, நடுவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் குமட்டலும் தூக்கமும் இருந்தன, பிறகு தெளிந்துவிட்டார்.

நான் செய்த தப்பு வேறு. கூடவே தந்த மலமிளக்கியைக் கொடுக்கவில்லை. இரண்டு வாய் கஞ்சிதானே குடிக்கிறார், எதற்கு என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் வயிறு கல் மாதிரி. எனிமா கொடுக்க வந்த சிஸ்டர், "சாப்பாட்டுக்கு இல்லப்பா, மார்பினுக்குத்தான் அந்த மருந்து. குடலை அது மந்தமாக்கிடும்" என்றார். குமட்டல் பழகிவிடுமாம், மலச்சிக்கல் பழகாதாம்.

அடுத்த மாதம் எதைக் கொடுத்தாலும் வாந்தி. சரி என்று, தோலில் ஒட்டும் வலி மருந்தான ஃபென்டனில் பேட்ச்சுக்கு மாற்றினார்கள், மணிக்கு 25 மைக்ரோகிராம். மூன்று நாளுக்கு ஒன்று. தோள்பட்டைக்குக் கீழே ஒட்டி, தேதியைப் பேனாவால் மேலேயே எழுதிவிடுவேன். பழையதை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். வீட்டில் குழந்தை இருக்கிறதே.

எங்கள் ஊர்க் குளிருக்கு அம்மா வெந்நீர்ப் பையை முதுகில் வைத்துக்கொள்வார். சூடு பட்டால் மருந்து வேகமாக உடம்பில் இறங்கி மூச்சே மந்தமாகலாம் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். இப்போது பை காலடியில்தான் இருக்கிறது. நான் தூங்கியதும் மேலே ஏறிவிடுமோ என்று இரவு இரண்டு தடவை எழுந்து பார்க்கிறேன்.