எத்தினியாம் நம்பர் கூண்டு?

மில்டன் புயல் அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் டாம்பா பக்கம் வரப்போகிறது என்ற செய்தி எங்களுக்கு வந்த வேகத்திலேயே காசிமேட்டுக்கும் போய்விட்டது. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. அம்மா கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, பிள்ளைங்க எப்படி என்ற வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லை. எடுத்த எடுப்பில், "அங்க கூண்டு ஏத்திட்டாங்களா? எத்தினியாம் நம்பரு?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இங்க கூண்டுலாம் இல்லம்மா" என்றேன்.

"கூண்டு இல்லாம ஜனங்க எத வச்சி தெரிஞ்சிக்கும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. டாம்பாவுக்கு வந்து பல வருடம் ஆகிறது. இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது, ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதும் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஆனால் அம்மாவின் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. துறைமுகத்தில் ஏற்றுகிற கூண்டு கப்பல்களுக்கானது என்று எங்கள் தெருவில் யாரும் நினைத்ததே இல்லை. "மூணு ஏத்திட்டாங்க" என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போனால் போதும். விசைப்படகுகளை நெருக்கிக் கட்டுவார்கள். வலையெல்லாம் மேட்டுக்கு ஏறும். அண்ணாச்சி கடையில் மெழுகுவத்தியும் பிரெட்டும் தீர்ந்துபோகும். அந்தச் செய்தியைப் படித்தவர், படிக்காதவர், காது கேட்காத பாட்டி என்று ஒருவர் விடாமல் அறிந்திருந்தார்கள். வர்தா வந்த 2016 டிசம்பர் 12 காலையில் எங்கள் வீட்டுக் கதவை எத்தனை பேர் தட்டினார்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு பறக்கும், பின்பக்க அறைக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் தட்டியிருக்கிறார்கள்.

இந்த ஊரிலும் ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. மியாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று நேரம் தவறாமல் அறிவிப்பு வெளியிடும். கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி, கரையோரத்தை ஏ, பி, சி என்று ஜோன் பிரித்து, யார் முதலில் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஆங்கிலம் தெரிந்து, கையில் காரும் இருந்து, இந்த ஊரில் ஒரு புயலைப் பார்த்தவருக்கு அது போதும். மகள் பிரசவத்துக்கு வந்த அம்மாவுக்குப் போதாது. ஆகஸ்டில் சவுத் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கார் இல்லாமல் நான்கு பேராக ஒரு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் போதாது. அவர்களுக்காகத்தான் அன்று மாலை நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழுவும், எல்லோரும் எழுதக்கூடிய ஒரு இணைய அட்டவணையும் தொடங்கினோம்.

தொடங்கினோம் என்பதைவிட, இருந்ததைத் திருப்பிப் போட்டோம் என்பதே சரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னைக்காக நடந்த அட்டவணை அது. தண்டையார்பேட்டையில் இருக்கும் என் சித்தி மகனும் அவன் நண்பர்களும் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்தார்கள். அங்கே கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. நாங்கள் டாம்பாவில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக அழைத்துச் சரிபார்த்தோம். அப்போது எங்களை மிகவும் வாட்டியது தகவல் இல்லாமை இல்லை, பழைய தகவல்தான். காலையில் படகு போய் மீட்டுவிட்ட குடும்பத்துக்காக இரவு வரை "அவசரம், குழந்தை இருக்கிறது" என்ற செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவது படகும் அங்கேயே போனது. பக்கத்துத் தெருவில் ஒருவர் மொட்டை மாடியில் காத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அந்த அட்டவணையில் என்ன செய்தி என்பதற்குப் பக்கத்திலேயே யார் சொன்னது, எத்தனை மணிக்கு, யார் அழைத்துச் சரிபார்த்தார், முடிந்ததா என்று நான்கு கட்டங்கள் வந்தன. நேரம் இல்லாத செய்தியை ஏற்பதில்லை. பெரியப்பாவே அனுப்பினாலும் ஏற்பதில்லை.

இந்த வேலைக்கு ஒரு முன்கதை உண்டு. 2004 சுனாமியின்போது இந்தியாவிலிருந்து இணையத்தில் காணாமல்போனவர் விவரமும் உதவி எண்களும் திரட்டியவர்களில் பலர், அடுத்த ஆண்டு கத்ரீனா நியூ ஆர்லியன்சை மூழ்கடித்தபோது அதே வேலையை அமெரிக்கர்களுக்காகச் செய்தார்கள். 2008-இல் கஸ்டவ் லூசியானாவில் கரையேறுவதற்கு முன்பே தன்னார்வலர்கள் இணையத்தில் கூடி முகாம் பட்டியலும் வரைபடமும் தயாரித்து வைத்தார்கள். வந்த பிறகு தேடுவதைவிட வருவதற்கு முன்பு சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று சுனாமி நாளில் காசிமேட்டில் இருந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு ஒரு கூண்டும் ஏறவில்லை.

திங்கட்கிழமை மில்டன் ஐந்தாம் வகைக்குப் போனது. காற்று மணிக்கு 180 மைல். டாம்பா வளைகுடாவில் கடல் 10 முதல் 15 அடி உயரலாம் என்றார்கள். இரண்டு வாரம் முன்பு ஹெலீன் புயல் கொண்டுவந்து போட்ட சோபாவும் மெத்தையும் கடற்கரை வீடுகளின் வாசலில் அப்படியே கிடந்தன. எங்கள் குழுவில் கேள்விகள் கொட்டின. அதிகம் வந்தது ஜோன் குழப்பம். "எங்க வீடு எக்ஸ் ஜோன், பயமில்ல" என்று ஒருவர் எழுதுவார். எக்ஸ் என்பது வெள்ளக் காப்பீட்டுக்கான வரைபடத்தில் உள்ள எழுத்து. கடல் உள்ளே வந்தால் யார் கிளம்ப வேண்டும் என்பதைச் சொல்லும் எழுத்து வேறு, வரைபடமே வேறு. காப்பீட்டில் எக்ஸ் என்று இருக்கும் வீடு வெளியேற வேண்டிய பட்டியலில் பி-யாக இருக்கலாம். இதை எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. கடைசியில் தமிழில் பேசியே அனுப்பினேன். காசிமேட்டுப் பேச்சில்தான் வந்தது. "உன் வூட்டு அட்ரச கவுண்டி மேப்புல போடு, எழுத்து இன்னான்னு பாத்து எனக்கு அனுப்பு, அதுக்கப்பறம் தூங்கு." மதுரைக்காரர்கள், ஈழத்து நண்பர்கள், கோவைக்காரர்கள் எல்லோரும் அதையே மற்றவர்களுக்கு அனுப்பினார்கள்.

இரவு வேலையைத் தண்டையார்பேட்டை எடுத்துக்கொண்டது. இங்கே இரவு 11 மணி அறிவிப்பு வரும்போது அங்கே காலை எட்டரை. பையன்கள் டீ குடித்துவிட்டு உட்கார்வார்கள். அறிவிப்பைப் படித்து, அட்டவணையைத் திருத்தி, முகாம்களில் எது நிரம்பியது, எந்தப் பெட்ரோல் பங்கில் இருப்பு இருக்கிறது என்று நாங்கள் காலையில் எழும்போது தயாராக வைத்திருப்பார்கள். மூன்றே நாளில் இந்த ஊர் சாலைகள் அவர்களுக்கு மனப்பாடம். "அக்கா, ஹவர்ட் ஃப்ராங்க்லண்ட் பாலத்துல கூட்டமாம், சுத்திக்கினு போகச் சொல்லட்டா?" என்று கேட்பான் என் தம்பி. ஒரு தடவைகூட டாம்பாவைப் பார்க்காதவன்.

டாம்பாவுக்குப் பக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். மகளுக்கு மருத்துவமனையில் வேலை, புயல் கடக்கும்வரை அங்கேயே தங்க வேண்டும். அடுக்ககம் ஏ ஜோன், முதலில் கிளம்ப வேண்டிய பகுதி. அப்பா கிளம்ப மறுத்தார். "மூணாவது மாடிம்மா. தண்ணி எப்படி வரும்?" நானும் மகளும் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. தம்பி அங்கிருந்து அழைத்தான். "அப்பா, தண்ணி மேல வராது. ஆனா கரண்ட்டும் மேல வராது, குடி தண்ணியும் வராது, லிப்ட்டும் வராது, ஆம்புலன்சும் வராது. மிக்ஜாம்ல எங்க ஏரியாவுல பாத்துட்டேன். அம்மாவுக்கு சுகர் மாத்திரை எத்தினி நாளைக்கு இருக்கு?" அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அவர் அசைந்தார். செவ்வாய் மதியம் நியூ டாம்பாவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மா வந்ததும் முதல் வேலையாகக் குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்தார். தண்ணீர் லாரி வரும் நாளில் காசிமேட்டில் எங்கள் தெருவில் டிரம் நிரப்பும் சத்தம் அது. வெகுநேரம் அந்தக் கதவருகிலேயே நின்றிருந்தேன்.

புதன்கிழமை காசிமேட்டிலிருந்து மாமா வீடியோவில் வந்தார். வாழ்நாள் முழுக்கப் படகில் போனவர். புயல் பாதையைக் காட்டினேன். "மேற்கேருந்தா வருது? புயல்னா கெழக்கேருந்துல்ல வரும்!" என்று அதிர்ந்துபோனார். பிறகு கையைக் காற்றில் சுற்றிப் பார்த்தார். "அப்ப எல்லாமே தலகீழு. உனக்கு வடக்கால கடந்தா கடல் உள்ள வரும். தெக்கால கடந்தா தண்ணிய வெளிய இழுத்துக்கினு போயிடும். எப்பிடி கடக்குதுன்னு பாரு" என்றார். அன்று இரவு எட்டரை மணியளவில் மில்டன் எங்களுக்குத் தெற்கே, சரசோட்டாவை ஒட்டிய சியெஸ்டா கீயில் மூன்றாம் வகைப் புயலாகக் கரையேறியது. மாமா சொன்னது அப்படியே நடந்தது. டாம்பா வளைகுடாவில் தண்ணீர் பின்வாங்கித் தரை தெரிந்தது. மாமா சொன்னதை அட்டவணையில் போடலாமா என்று மதியம் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்றோம். புயல் எந்தப் பக்கம் கடக்கும் என்று அதற்கு முன் யாராலும் உறுதி சொல்ல முடியாது. நம்பிக்கையைப் படித்துவிட்டு ஒருவர் ஏ ஜோனில் தங்கிவிட்டால் என்ன செய்வது?

அதற்குப் பின் கேட்ட பேச்சுதான் இன்னும் ஆறவில்லை. "ஒண்ணும் ஆகல, சும்மா பயமுறுத்திட்டீங்க, ஹோட்டல் செலவு வீண்" என்று குழுவிலேயே சிலர் எழுதினார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே நாளில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. அங்கே உள்ள ட்ரோபிகானா ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தின் கூரை கிழிந்தது. ஃபுளோரிடாவில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தன. அதெல்லாம் இருக்கட்டும். 2022-இல் இயன் புயல் டாம்பாவுக்கு வருகிறது என்றார்கள், தெற்கே திரும்பியது. டாம்பா தப்பியது. லீ கவுண்டியில் கடல் உள்ளே புகுந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது! அங்கே இருந்தவர்களும் முந்தைய நாள் வரை நமக்கு வராது என்றுதானே இருந்தார்கள்? கூண்டு ஏற்றிப் புயல் நெல்லூர் பக்கம் போய்விட்டால் காசிமேட்டில் யாரும் துறைமுகத்தைத் திட்டமாட்டார்கள். கட்டிய கயிறை அவிழ்த்துவிட்டுக் கடலுக்குப் போவார்கள். இதைக் குழுவில் அப்படியே எழுதினேன். கோபமாகவே எழுதினேன். அதற்கு வருத்தப்படவில்லை.

அட்டவணையை மூட நேரம் கிடைக்கவில்லை. அடுத்த செவ்வாய், அக்டோபர் 15, சென்னையில் கனமழை. புளியந்தோப்பு, பட்டாளம் என்று தம்பி புதுப் பக்கம் திறந்துவிட்டான். அந்த நான்கு கட்டங்கள் அப்படியே இருந்தன. இந்த முறை அவர்களின் இரவு எங்களுடைய பகல். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அவரே என்னை அழைத்தார். "எனக்கு கம்ப்யூட்டர்லாம் வராதும்மா. போன் பண்ணத் தெரியும். யாருக்குப் பண்ணணும், இன்னா கேக்கணும், சொல்லு." அவரும் வடசென்னைதான், பெரம்பூர்க்காரர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியலைக் கொடுத்தேன். எடுத்ததும் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன்.